ஆரிஜின் ஆட்டத்தைக் கணிப்பது எப்படி? கிளப் ஃபார்ம் எடுபடவில்லை

புதன் இரவு:

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் (ஆஸ்திரேலிய ரக்பி லீக்ல குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருஷா வருஷம் மோதுற மூணு ஆட்டத் தொடர்) ஆட்டத்துக்கு ஒரு முன்னோட்டம் எழுதி, யார் ஜெயிப்பாங்கன்னு கணிக்கிற டிப்பிங் குழுவுல போடணும். குயின்ஸ்லாந்தா நியூ சவுத் வேல்ஸான்னு மட்டும் சொன்னா போதாது, எத்தனை பாயின்ட் வித்தியாசம்னும் சொல்லணும். டிப் சமமா வந்தா அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் முதல் இடம்.

இப்போதைய முறை இதுதான்: ரெண்டு அணிப் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொரு ஆளும் கிளப்புக்காகக் கடைசி 5 ஆட்டத்துல ஓடின மீட்டர், போட்ட டேக்கிள் (பந்தோட வர்றவரைப் பிடிச்சு நிறுத்துறது), லைன் பிரேக் (தடுப்பு வரிசையை உடைச்சுப் போறது) எல்லாத்தையும் கூட்டி, எந்தத் தட்டு தாழுதோ அந்தப் பக்கம் டிப். என்.ஆர்.எல். (கிளப் போட்டி) வாராந்திர ஆட்டங்களுக்கு இது பரவாயில்ல. ஆரிஜினுக்கு எடுபடல. பழைய தொடர்களை இதே கணக்குல ஓட்டிப் பாத்தா 2022, 2023 ரெண்டும் நியூ சவுத் வேல்ஸுக்குத்தான் விழுது. பென்ரித் கிளப் வரிசையா கோப்பை வாங்கிட்டிருந்த நேரம், அந்த ஆளுங்க நிறையப் பேர் நியூ சவுத் வேல்ஸோட நீலச் சட்டையில இருந்தாங்க. ஆனா ரெண்டு தொடரையும் குயின்ஸ்லாந்து தூக்கிட்டுப் போயிடுச்சு.

பட்டியல்ல முதல்ல எங்கே பாக்கணும்? சொந்த மைதானத்துக்கு எத்தனை பாயின்ட் போடலாம்? வித்தியாசத்தை எப்படி முடிவு பண்றது?

எட்டாம் நம்பர்:

அந்தக் கூட்டல் கணக்கை முதல்ல ஓரமா வைங்க. கிளப்புல ஒரு ப்ராப் (நடுவுல மோதி ஓடுற முன்வரிசை ஆள்) 55 நிமிஷம் ஆடி 160 மீட்டர் ஓடுறார்னு வெச்சுக்குவோம். அதே ஆள் ஆரிஜின்ல பெஞ்ச்ல உக்காந்து 30 நிமிஷம்தான் வருவார், அதுவும் எதிர்ல நிக்கிறது போட்டியிலேயே சிறந்த ஆளுங்க. அந்த 160 மீட்டர் அவர் கூடவே மூட்டை கட்டி வராது. உங்க கணக்கு ஒரே மீட்டரை ரெண்டு தடவை எண்ணுது: தொடங்குற ப்ராபுக்கும் முழுசு, பெஞ்ச் ப்ராபுக்கும் முழுசு.

அதுக்குப் பதிலா நிமிஷத்தை எண்ணுங்க. 8, 10, 13 இந்த மூணு சட்டைதான் நடுப்பகுதி. மூணு இடம், 80 நிமிஷம், ஆக 240 நிமிஷம் நிரப்பணும். பட்டியல் வந்ததும் ஒரு தாள்ல எழுதுங்க. ஐசையா யோ, பாட் காரிகன் மாதிரி லாக் (13ஆம் சட்டை) 60ஐத் தாண்டி நிப்பாங்க, 65 போடலாம். சாதாரண ப்ராப் 45லேருந்து 50. பெய்ன் ஹாஸ் மாதிரி ஆளுக்கு 10 கூட்டிக்கலாம். 65 + 50 + 50 = 165. மீதி 75 நிமிஷம் பெஞ்ச்லேருந்து வரணும். அங்கே நிஜமான நடு ஆட்டக்காரர் ரெண்டு பேர் இருந்தா ஆளுக்கு 37, 38 நிமிஷம், சௌகரியம். ஒருத்தர்தான் இருக்கார், மத்தவங்க ஹூக்கரும் (9ஆம் சட்டை) ஓரத்துல ஆடுற எட்ஜ் ஆளும்னா ஓட்டை விழுந்தாச்சு. தொடங்கின ப்ராப்களை இழுத்து இழுத்து ஆட வைப்பாங்க, 60ஆவது நிமிஷத்துக்கு மேல கால் நகராது.

கால் நகராததுதான் எல்லாத்துக்கும் வேர். சோர்ந்த ஆள் டேக்கிள் போட்டுட்டு எழுந்து மார்க்கர்ல (பிடிபட்டவருக்கு நேர் எதிர்ல) நிக்க ஒரு நொடி தாமதிப்பார். எதிரணி ப்ளே-த-பால் (பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால பின்னாடி உருட்டுறது) வேகமா போகும், தடுப்பு வரிசை பின்வாங்கிட்டே இருக்கும். விதிப்படி போக வேண்டிய 10 மீட்டர் பின்னாடி போறதுக்குள்ள பந்து வந்துடும். உடனே நடுவர் கையைச் சுத்துவார், பந்து வெச்சிருக்கிற அணிக்கு ஒரு செட்டுக்கு உண்டான ஆறு டேக்கிள் மறுபடி முதல்லேருந்து. இந்தத் திருப்பித் தரும் விதி 2020ல ரக் (டேக்கிள் நடக்கிற இடம்) தவறுகளுக்கு வந்தது, 2021ல 10 மீட்டருக்கும் விரிஞ்சது. அதுக்கு முன்னாடி பெனால்டி கொடுத்து மூச்சு வாங்கிக்கலாம், இப்போ அந்த வழி குறைஞ்சுபோச்சு. நடுப்பகுதி பலவீனத்துக்குத் தண்டனை முன்னைவிட இப்போ அதிகம்.

அடுத்தது மாற்றங்கள், மொத்தம் 8தான். ரெண்டு ப்ராப் 25ஆவது நிமிஷம் வாக்குல வெளியே, திரும்ப 50 வாக்குல உள்ளே, கடைசியில இன்னொரு சுற்றுன்னா 6 போயிடும். ரெண்டுதான் கையிருப்பு. ஹூக்கரை மாத்துற பழக்கம் இருக்கிற அணிக்கு அதுலயும் ஒண்ணு போகும். முதல் பாதியில ஒருத்தர் தோள் அடிபட்டு வெளியே போனா கணக்கு மொத்தமும் கலையும். யாருக்கு அடிபடும்னு யாராலும் சொல்ல முடியாது. அப்படி நடந்தா எந்தப் பெஞ்ச் தாங்கும்னு முன்னாடியே சொல்லலாம், அதை முன்னோட்டத்துல ஒரு வரியாவது எழுதுங்க.

ரெண்டு கோடியிலயும் ஆடுற விங்கர்களையும் விட்டுடாதீங்க. பிரையன் டோ'ஓ மாதிரி ஒருத்தர் செட்டோட முதல் ரெண்டு ஓட்டத்தை எடுத்துட்டா அது கிட்டத்தட்ட கூடுதலா ஒரு ப்ராப். நடுவுல இருக்கிறவங்களுக்கு அந்த ஓட்டம் மிச்சம்.

கணக்குப்பிள்ளை:

மைதானம், வித்தியாசம் இரண்டுக்கும் எண்களைப் பார்த்துவிடலாம். 2022 முதல் 2025 வரை நான்கு தொடர்கள், 12 ஆட்டங்கள்.

வித்தியாசங்களைச் சிறியதிலிருந்து அடுக்கினால்: 2, 6, 8, 10, 10, 12, 12, 14, 20, 26, 28, 32. கூட்டுத்தொகை 180, சராசரி 15. ஆனால் சராசரியை நம்பி 15 என்று எழுதினால் ஏமாந்துபோவீர்கள். அதை மேலே இழுப்பவை கடைசி நான்கு ஆட்டங்கள். நடு எண் 12. பன்னிரண்டில் ஏழு ஆட்டங்கள் 12 அல்லது அதற்குள் முடிந்திருக்கின்றன. பெரிய வித்தியாசம் வந்தவற்றில் ஒன்றை எந்த முன்னோட்டமும் பிடித்திருக்க முடியாது: 2024 முதல் ஆட்டத்தில் 10 நிமிடம் ஆவதற்குள் ஜோசப் சுவாலி வெளியேற்றப்பட்டார். நியூ சவுத் வேல்ஸ் 13 பேருக்குப் பதில் 12 பேரோடு மீதி ஆட்டத்தை ஆடி 38-10 என்று தோற்றது.

இரு அணிகளின் மொத்தப் புள்ளிகள் சராசரியாக 39க்குச் சற்றுக் கீழே. ஆனால் 18லிருந்து (2024 மூன்றாம் ஆட்டம், 14-4) 56 வரை பரவிக் கிடக்கிறது. மொத்தப் புள்ளியைக் கணிக்கச் சொன்னால் நான் கையைத் தூக்கிவிடுவேன்.

சொந்த மைதானம்தான் பலரையும் திகைக்க வைக்கும். இந்த 12இல் அடிலெய்ட், பெர்த், மெல்பன் ஆட்டங்களைக் கழித்தால் சிட்னியிலும் (நியூ சவுத் வேல்ஸ்) பிரிஸ்பனிலும் (குயின்ஸ்லாந்து) நடந்தவை 8. சொந்த அணி வென்றது 3 மட்டுமே. வெளியணி 5. கிளப் ஆட்டத்துக்குப் போடுவதுபோல் 4 புள்ளி போடாதீர்கள், 1 போதும்.

இதைவிடப் பயனுள்ள போக்கு ஒன்று உண்டு. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி இரண்டாவதில் திருப்பி அடிப்பது. 2019 முதல் 2025 வரை ஏழு தொடர்களில் ஐந்தில் இது நடந்தது: 2019, 2020, 2022, 2024, 2025. நடக்காதவை 2021, 2023. தொடர் 2-0 என்று முடிந்தபின் வரும் மூன்றாம் ஆட்டம் இன்னும் தெளிவு. 2014, 2016, 2018, 2021, 2023, ஐந்து முறையும் தொடரை இழந்த அணிதான் அந்த ஆட்டத்தை வென்றது. 3-0 கடைசியாக நடந்தது 2010இல். இழந்த அணி மானத்துக்கு ஆடும், வென்ற அணி சிலரை ஓய்வெடுக்க விடும், சிலர் காயத்தை இதற்குமேல் மறைக்க மாட்டார்கள்.

எல்லாமே சிறிய எண்ணிக்கைகள். 12 ஆட்டத்தில் ஒன்று திரும்பினாலும் படம் மாறும்.

லாங் பார்க் மேற்கு:

மேலே சொன்ன மைதானக் கணக்கை ஒத்துக்க முடியல. பிரிஸ்பனையும் சிட்னியையும் ஒரே தட்டுல போட்டுட்டீங்க. ரெண்டும் வேற.

1-1ன்னு நின்னு மூணாவது ஆட்டம் பிரிஸ்பன் லாங் பார்க் மைதானத்துல வந்த தொடர்களை மட்டும் எடுங்க. 2011 34-24, 2012 21-20, 2015 52-6, 2017 22-6, 2020 20-14, 2022 22-12. எல்லாம் குயின்ஸ்லாந்து. 2024ல 14-4ன்னு நியூ சவுத் வேல்ஸ் உடைச்சது. அதுக்கு முன்னாடி அவங்க அங்கே இப்படி ஜெயிச்சதுன்னா 2005தான். 2011லேருந்து ஏழுல ஆறு, இதுக்கு 1 பாயின்ட் எப்படிப் போதும்?

இதே மாதிரி முடிவாட்டம் சிட்னி ஒலிம்பிக் பார்க்ல வந்தா? 2008லேருந்து பாத்தா 2008, 2013, 2019, 2025. நியூ சவுத் வேல்ஸ் ஜெயிச்சது 2019 மட்டும், அதுவும் 26-20, கடைசி நிமிஷத்துல டெடெஸ்கோ போட்ட ட்ரையால (கோல் கோட்டுக்கு அப்பால பந்தை வைக்கிறது). சிட்னிக்குப் பூஜ்யம், பிரிஸ்பனுக்கு 4ன்னு போடுங்க.

கணக்குப்பிள்ளை:

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 4 என்பது அதிகம். நீங்கள் சொன்ன ஏழில் 2011, 2012, 2015, 2017 நான்கும் குயின்ஸ்லாந்தின் ஸ்மித், த்ரர்ஸ்டன், க்ரோங்க் காலத்தவை. அந்த அணி எங்கே ஆடியிருந்தாலும் வென்றிருக்கும். 2008இலும் 2013இலும் சிட்னியிலேயே போய் வென்றதற்கும் காரணம் மைதானமல்ல, அந்தத் தலைமுறை. அவர்களைக் கழித்துவிட்டால் லாங் பார்க்கில் மிஞ்சுவது மூன்றில் இரண்டு. 2025 முதல் ஆட்டத்தையும் அங்கேதான் 18-6 என்று இழந்தார்கள். முடிவாட்டமானால் 2 போடுகிறேன்.

வென்ட்வர்த்வில்காரன்:

நடுப்பகுதி சரி, ஆனா அதோட நிண்டிடக் கூடாது. பந்தைக் கொண்டுபோய் 20 மீட்டர் கோட்டுக்குள்ளை சேர்த்தாலும், ஆறாவது டேக்கிளிலை என்ன செய்யிறதெண்டு தெரிஞ்ச ஆள் வேணும். 1, 6, 7, 9, தாக்குதலை நடத்திற இந்த நாலு சட்டையையும் எடுத்து வையுங்கோ. நாலு பேருக்குள்ளை ஆறு சோடி வரும். ஒரே கிளப்பிலையோ முந்தின ஆரிஜினிலையோ ஒண்டா விளையாடின சோடி எத்தினை எண்டு எண்ணிப் பாருங்கோ. ஆறிலை நாலு எண்டால் நல்லம். ஒண்டு, ரெண்டு எண்டால் முதல் 20 நிமிசம் பந்து கை நழுவும், உதை பிந்தும்.

ஏழாம் நம்பர் (ஆட்டத்தை நடத்திற ஹாஃப்) மாறினால் மட்டும் இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. 2024 முதல் ஆட்டத்திலை நியூ சவுத் வேல்ஸுக்கு நிக்கோ ஹைன்ஸ். தோத்தாப் பிறகு மிட்செல் மோசஸ் வந்தார், மெல்பனிலை இடைவேளைக்கே 34-0. (முதல் ஆட்டத்துப் பழியை ஹைன்ஸின்ரை தலையிலை போடேலாது, 12 பேரோடை ஆர் விளையாடினாலும் அதுதான் கதி.) 2025இலை முதல் ஆட்டம் தோத்த உடனை குயின்ஸ்லாந்து தங்கடை தலைவர் டேலி செரி-எவன்ஸையே வெளியிலை விட்டிட்டு டொம் டியர்டனைக் கொண்டுவந்தது. ரெண்டு முறையும் ஏழாம் நம்பரை மாத்தின பக்கம்தான் அடுத்த ஆட்டத்தையும் தொடரையும் வெண்டது. சோடிக் கணக்கிலை மோசஸ் குறைவாத்தான் தெரிவார். ஆனா அவற்றை உதை நெடுந்தூரம் போகும். எதிரணி தன்ரை கோல் கோட்டடியிலை இருந்தே ஒவ்வொரு செட்டையும் தொடங்க வேண்டிவரும், அதாலை நடுவிலை நிக்கிற தன்ரை ஆக்களுக்கும் வேலை குறையும்.

எட்ஜ் பாக்கிறதிலை கனபேர் விடுற பிழை ஒண்டிருக்கு. ஒரு அணியின்ரை இடதுபக்கத் தாக்குதல் எதிரணியின்ரை வலதுபக்கத்தோடைதான் மோதும். இடதோடை இடதை ஒப்பிட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. சட்டை நம்பரையும் நம்பாதேங்கோ, 11இலை நிக்கிறவர் இடமா வலமா எண்டதைப் போன ஆட்டத்தைப் பாத்து எழுதுங்கோ. ஹாஃப், செகண்ட்-ரோ, சென்டர், விங் எண்டு உள்ளையிருந்து கோடி வரை நிக்கிற நாலு பேர் ஒரு சங்கிலி. அதிலை ரெண்டு பேர் புதுசு எண்டால், அங்கைதான் எதிரணி ஹாஃப் திரும்பத் திரும்ப வருவார். முந்தி வந்து மறிக்கிறதா, பின்வாங்கிக் காத்திருக்கிறதா எண்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை தீர்மானிக்க வேணும். ஒருத்தர் வந்து மற்றவர் நிண்டால் நடுவிலை வாசல் திறந்த மாதிரித்தான்.

கோல் உதைக்கிறவரை மறந்திடாதேங்கோ. 2025 ரெண்டாவது ஆட்டம், பெர்த். இடைவேளையிலை குயின்ஸ்லாந்து 26-6. ரெண்டாம் பாதியிலை நியூ சவுத் வேல்ஸ் நாலு ட்ரை போட்டும் வந்தது 18தான், ஏனெண்டால் ட்ரைக்குப் பிறகு உதைக்கிற கன்வெர்ஷன் நாலிலை ஒண்டுதான் உள்ளை போனது. கிளியரி களத்திலை இருந்தும் உதைச்சது லோமாக்ஸ். 26-24. ட்ரை போட்டதெல்லாம் மூலையிலை எண்டால் நல்ல ஆளும் தவறுவார், அது வேறை. முன்னோட்டத்திலை சதவீதத்தை மட்டும் பாக்காமல், எந்தப் பக்கத்து விங்கர் கூட ட்ரை போடுவார், அந்தப் பக்கம் உதைக்கிறவற்றை காலுக்கு வசதியோ எண்டும் பாருங்கோ. வலக்கால் உதைக்கு வலது மூலைதான் கரைச்சல்.

புதன் இரவு:

எல்லாருக்கும் நன்றி. 240 நிமிஷக் கணக்கு, ஆறு சோடிக் கணக்கு ரெண்டும் தாள்ல வந்தாச்சு. இதையெல்லாம் ஒரே எண்ணா மாத்துறது எப்படி? எப்போ கணிப்பைப் பூட்டணும்? பட்டியல் ஒரு வாரத்துக்கு மேல முன்னாடியே வந்துடுதே.

எட்டாம் நம்பர்:

நான் போடுற அளவு இது, சட்டம் இல்ல, உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். பூஜ்யத்துல தொடங்குங்க. நடுப்பகுதி நிமிஷக் கணக்குல தெளிவா மேல இருக்கிற அணிக்கு அதிகபட்சம் 6. சோடிக் கணக்குக்கு அதிகபட்சம் 4. எட்ஜ்ல புதுச் சங்கிலி இருந்தா எதிரணிக்கு 2. முதல் ஆட்டம் தோத்து ரெண்டாவது ஆட்டத்துக்கு வர்ற அணிக்கு 2, தொடர் போனபிறகு மூணாவதுக்கு வர்ற அணிக்கு 4. மைதானத்துக்கு கணக்குப்பிள்ளை சொன்ன 1 அல்லது 2.

கோல் உதைக்கு ஒரு சின்ன வாய்ப்பாடு. ரெண்டு அணியும் 5 ட்ரை போடுதுன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் 80 சதம், இன்னொருத்தர் 60 சதம்னா 4 கோலும் 3 கோலும், வித்தியாசம் 2 பாயின்ட். அதுக்கு மேல போடாதீங்க.

உதாரணமா, மெல்பன்ல ரெண்டாவது ஆட்டம், முதல் ஆட்டம் தோத்த அணிக்குப் பெஞ்ச் நல்லா இருக்கு: +2, +4. புது ஏழாம் நம்பர், சோடி குறைவு: −2. உதைக்கிறவர் மேல்: +2. மொத்தம் +6. இங்கேதான் பலபேர் சறுக்குவாங்க, அப்படியே 6ன்னு எழுதிடுவாங்க. அந்த +6ங்கிறது தோக்குற வாய்ப்பையும் சேர்த்து வந்த எண். அந்த அணி ஜெயிச்சா எத்தனைல ஜெயிக்கும்னு கேட்டா விடை அதைவிடப் பெரிசு, 8 அல்லது 10. உங்க குழு விதியைப் படிச்சுப் பாருங்க. டிப் சரியானாத்தான் வித்தியாசத்தைப் பாப்பாங்கன்னா 10 எழுதுங்க. தப்பானாலும் தூரத்தை எண்ணுவாங்கன்னா 6லயே நில்லுங்க. எந்தக் கணக்கு எவ்வளவு ஏறினாலும் 14க்கு மேல எழுத வேண்டாம்.

ஒத்தைப்படை எண்ணையும் தவிருங்க. ட்ரை 4, கன்வெர்ஷன் 2, ஃபீல்ட் கோல் (ஆட்டத்துக்கு நடுவுல உதைக்கிற 1 பாயின்ட் கோல்) வந்தாத்தான் ஒத்தை. 80 நிமிஷம் சமமா முடிஞ்சு கோல்டன் பாயின்ட் (முதல்ல பாயின்ட் எடுக்கிற அணிக்கு ஜெயம்) போனா 1 வரலாம், 2004 முதல் ஆட்டம் 9-8ன்னு அப்படித்தான் முடிஞ்சது. அதை நம்பி 1 எழுதுறது லாட்டரி வாங்குற மாதிரி.

பூட்டுறதுக்கு மூணு தடவை தாளை எடுங்க. பட்டியல் வந்த அன்னைக்கு முதல் கணக்கு. பயிற்சி முகாம்ல யார் தனியா ஓடுறாங்க, யார் தோள்ல கட்டுப் போட்டிருக்காங்கன்னு செய்தி வரும்போது ரெண்டாவது. ப்ராபுக்கு விலா எலும்புக் காயம்னா 50 நிமிஷத்தை 35 ஆக்குங்க, மீதி 15 எங்கேருந்து வரும்னு தேடுங்க. கடைசியா ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இறுதி ஆளுங்க பேர் வரும்போது. பட்டியல்ல பெஞ்ச்ல இருந்தவர் தொடங்குவார், தொடங்க வேண்டியவர் பெஞ்ச்ல உக்காருவார், இந்த வித்தை ரெண்டு பயிற்சியாளரும் செய்வாங்க. மொத்த 240 மாறாது, அதனால அதுக்குப் பதற வேண்டாம். நடு ஆள் ஒருத்தர் வெளியே போய் அந்த இடத்துல பேக் (பின்வரிசை ஆள்) ஒருத்தர் வந்தா மட்டும் எண்ணை மாத்துங்க.

மழையைப் பாக்கிறதும் அந்த ஒரு மணி நேரத்துலதான். மழை நிச்சயம்னா டிப்பை மாத்த வேண்டாம், வித்தியாசத்துல 4 குறைங்க. மழை இல்லாட்டியும் சிட்னி குளிர்ல இரவு ஆட்டத்துக்குப் பனி இறங்கும். ரெண்டாம் பாதியில பந்து சோப்பு மாதிரி ஆயிடும், அப்போ உயர உதையைப் பிடிக்கத் தெரிஞ்ச விங்கர் இருக்கிற பக்கத்துக்கு 1 கூட்டிக்குங்க.